பிள்ளைகள் முதலில் நம் மலையின் உயிர்களை அறியட்டும்

பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் பிள்ளையை விட்டுச் செல்லும் இடமாகவே பிள்ளை மடுவத்தை நாம் நெடுங்காலம் பார்த்து வந்திருக்கிறோம். அழாமல் இருந்ததா, சாப்பிட்டதா, தூங்கியதா என்று மாலையில் கேட்கிறோம். என்ன விளையாடியது, எதைப் பார்த்தது என்று கேட்பதில்லை. இன்று அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். பெயரில் உள்ள அபிவிருத்தி உள்ளேயும் நடக்க வேண்டும் என்று கேட்பது நமது உரிமை.

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை பாடம் கேட்டுப் படிப்பதை விட, பார்த்தும் தொட்டும் நடித்தும்தான் அதிகம் படிக்கிறது. மிருகங்களை வைத்து விளையாடுவது அதற்கு மிக நல்ல வழி. தவளை போலக் குதித்தால் கால் பலப்படும். சேவல் போலவும் ஆடு போலவும் கத்தினால் சத்தங்களைப் பிரித்தறியும். களிமண்ணில் மாடு செய்யும்போது கால் எத்தனை, கொம்பு எத்தனை என்று எண்ணப் பழகும். இந்தப் புழு எதைத் தின்னும், இந்தக் குருவி எங்கே தூங்கும் என்று கேள்வி கேட்கத் தொடங்கும். இவை எதற்கும் காசு தேவையில்லை. பிள்ளைகளோடு குனிந்து உட்கார ஓர் ஆள் இருந்தால் போதும்.

ஆனால் சுவரில் தொங்கும் படங்களில் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும்தான் அதிகம் தெரிகின்றன. இரண்டுமே இலங்கைக் காட்டில் இல்லை. தேயிலை மலையோரம் வரும் மரையும், காட்டுப்பன்றியும், முள்ளம்பன்றியும் அந்தப் படங்களில் இல்லை. மஞ்சள் காதுள்ள கொண்டைக்குருவி உலகத்திலேயே இலங்கையில் மட்டும், அதுவும் நமது மலைப்பக்கங்களில்தான் வாழ்கிறது. அதன் பெயர் நமது பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கலாமா?

இது வெறும் பொழுதுபோக்கு அல்ல, பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது. குளவிக் கொட்டினால் நமது மக்கள் படும் துன்பத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குளவிக்கூட்டைக் கண்டால் கல்லெறியாமல், சத்தம் போடாமல் விலகிப் போக வேண்டும் என்பதை மூன்று வயதிலேயே விளையாட்டாகப் பழக்கலாம். குட்டி போட்ட நாயிடமும் தின்றுகொண்டிருக்கும் நாயிடமும் போகக்கூடாது; நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ மறைக்காமல் உடனே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். அந்தக் காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது பெரியவர்களின் கடமை. அடித்து மிரட்டி வளர்த்த பயம் இந்த அறிவைத் தராது.

சிறுத்தையின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 2020 மே மாதத்தில் நல்லதண்ணி பக்கத்துத் தோட்டமொன்றில் கம்பி வலையில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை, சிகிச்சை அளித்தும் பிழைக்கவில்லை. பன்றிக்கென்று வைக்கும் வலை சிறுத்தையையும் பிடிக்கிறது, நமது நாயையும் பிடிக்கிறது. மரக்கறித் தோட்டத்தைக் கிளறும் காட்டுப்பன்றியைச் சிறுத்தை வேட்டையாடுகிறது என்பதை அறிந்து வளரும் பிள்ளை, நாளை வலை வைக்கும் கையாக மாறாது.

அடுத்தது சுற்றுலா. கொழும்பிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து ஹோர்ட்டன் சமவெளியில் மரையையும், ஹக்கலைப் பூங்காவில் கரடிக்குரங்கையும், அம்பேவெலவில் பால்மாடுகளையும் பார்த்துப் போகிறார்கள். அந்தப் பாதையோரத்து லயங்களில் பிறந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இவற்றைப் பார்த்திருக்கிறார்கள்? தெஹிவளை மிருகக்காட்சிசாலை தூரம்தான். ஹக்கலை தூரமில்லை. அதற்கும் முன்னால், அடுத்த லயத்து மாட்டுப்பட்டிக்கும் கோழிக்கூட்டுக்கும் பிள்ளைகளை வரிசையாக நடத்திச் செல்ல யார் தடை?

சம்பளப் பிரச்சினையே தீராதபோது இது தேவையா என்று சிலர் கேட்பார்கள். சம்பளத்துக்கான போராட்டம் ஒரு நாளும் பின்னால் போகாது. ஆனால் பிள்ளையின் முதல் ஐந்து வயது நமது பேச்சுவார்த்தை முடியும்வரை காத்திருக்காது.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். ஒவ்வொரு சிறுவர் அபிவிருத்தி நிலையத்திலும் தினமும் வெளியில் விளையாட நேரமும், வேலியடைத்த இடமும் வேண்டும். அங்குள்ள உத்தியோகத்தருக்கு இதற்கான பயிற்சியை நிர்வாகமும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் வழங்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்ல வேண்டும். கொழுந்து லொறியில் அல்ல, ஒழுங்கான பஸ்ஸில். வேலை நாளில் வைத்தால் கூடச் செல்லும் தாய்க்கு அன்றைய பெயரும் சம்பளமும் விழ வேண்டும். இல்லையேல் ஞாயிற்றுக்கிழமையில் வைக்க வேண்டும்.

தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் சங்கத்தினரும் அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேசுங்கள். பெற்றோரும் இன்று மாலையே தொடங்கலாம். பிள்ளையை இஸ்தோப்பில் உட்கார வைத்து, இன்று என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். பதில் சொல்ல அதற்கு ஏதாவது இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இத்தனையும் கேட்கிறோம்.