வாஷிங்டன் அப்படியொரு சட்டம் எழுதவில்லை



அண்மையில் ஒரு பேச்சுப்போட்டிக்கு நடுவராக அமர்ந்திருந்தேன். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "பதவியாசை துறந்த ஜார்ஜ் வாஷிங்டன், இரு தவணைகளுக்கு மேல் எவரும் அதிபராகக் கூடாதெனச் சட்டம் வகுத்தார்" என முழங்கினான். அரங்கம் கைதட்டியது. பிள்ளைமீது குறையில்லை, எழுதிக் கொடுத்த ஆசிரியர் சரிபார்க்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

1787இல் இயற்றப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பில் அதிபரின் தவணைகளுக்கு வரம்பே கிடையாது. வாஷிங்டனோ அத்தகைய கட்டாய வரம்பை விரும்பாதவர். நெருக்கடிக் காலத்தில் தகுதியுள்ளவரின் பணியை நாமே ஏன் இழக்க வேண்டும் என்று 1788இல் லஃபாயெட்டுக்கு மடல் எழுதியவர் அவர். 1796இல் அவர் விடைபெற்றது களைப்பினாலும், தம் பண்ணைக்குத் திரும்பும் ஏக்கத்தினாலுமே. (அப்பண்ணையில் உழைத்தோர் அடிமைகள் என்பதையும் நாம் மேடையில் சொல்வதில்லை.)

மூன்றாம் தவணையைக் கொள்கை அடிப்படையில் மறுத்தவர் ஜெஃபர்சன். வரம்பு இல்லையேல், சில ஆண்டுகளுக்கென்ற பதவி வாழ்நாள் பதவியாகிப் பின் வாரிசுரிமையாகச் சீரழியும் என 1807இல் அவர் எச்சரித்தார்.

அது வெறும் வழக்கமாகவே நீடித்தது. கிராண்ட் 1880இல் மீற முயன்றார். கட்சி அவரை வேட்பாளராக்கவில்லை. தியோடோர் ரூசவெல்ட் 1912இல் முயன்று தோற்றார். 1940இல், ஐரோப்பாவில் போர் மூண்டிருந்த வேளையில், ஃபிராங்க்ளின் ரூசவெல்ட் மூன்றாம் முறை வென்றார். 1944இல் நான்காம் முறையும் வென்று, மறு ஆண்டே பதவியில் இருந்தவாறு மறைந்தார். வழக்கம் மட்டுமே காவலாக இருந்தால் இதுதான் நேரும்.

அதன் பிறகே சட்டம் வந்தது. 1946 தேர்தலில் நாடாளுமன்றத்தைக் கைப்பற்றிய குடியரசுக் கட்சியினர் 1947இல் 22ஆம் திருத்தத்தை நிறைவேற்றினர். 1951இல் அது உறுதிபெற்றது. அக்கட்சி உறுப்பினர் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கவில்லை. துறவு மனப்பான்மையா இது? ரூசவெல்ட்மீதிருந்த கசப்புக்கும் அதில் பெரும்பங்குண்டு. வேடிக்கை என்னவென்றால், அத்திருத்தம் முதலில் கட்டிப்போட்டது அவர்கள் கட்சியின் ஐசனோவரைத்தான்!

"சிறுபிள்ளைகளுக்கு இத்தனை நுணுக்கம் எதற்கு? நல்லவர் கதை போதுமே" என்றார் அருகிலிருந்த நடுவர். போதாது ஐயா! அதிகாரத்துக்கு நல்லவர்கள் தாமாகவே வேலி போடுவார்கள் என்று நம்பி வளரும் பிள்ளை, வேலி இல்லாத இடத்தில் கேள்வி கேட்க மாட்டான். சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதைப் பதினொரு வயதுப் பிள்ளையால் நன்றாகவே விளங்கிக்கொள்ள முடியும். வகுப்புத் தலைவர் பதவியை வைத்தே விளக்கிவிடலாம்.

குரல்வளத்துக்கு முழுப்புள்ளி கொடுத்தேன், கருத்துக்குக் குறைத்தேன். எழுதிக் கொடுத்த ஆசிரியர் இன்னும் என்னோடு பேசவில்லை.