அசையாத அணுவும் அசையாத மனமும்

'மலடி' என்ற சொல் தமிழர் நாவில் எளிதாகப் புரளுகிறது. 'மலடன்' என்ற சொல்லும் அகராதியில் உண்டு. அதை ஒருவர் வாய்விட்டுச் சொல்லக் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

விழிஞ்ஞத்தில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பம் எங்களுடையது. அக்காளுக்கு மணமாகி எட்டு ஆண்டுகள் குழந்தை இல்லை. கோயில் கோயிலாகச் சுற்றினாள்; கண்ட மருந்தையெல்லாம் குடித்தாள்; வளைகாப்பு வீடுகளுக்குப் போகாமல் ஒதுங்கினாள். அத்தானையும் சோதிக்க வேண்டும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. உயிரியல் படிக்கும் நானும் திறக்கவில்லை! ஒன்பதாம் ஆண்டில்தான் உண்மை தெரிந்தது: அத்தானின் விந்தணுக்கள் அசையவில்லை.

அசையாதது எல்லாம் செத்தது அன்று. எந்திரம் நின்ற படகு மூழ்கிய படகு ஆகிவிடுமா? அணுவின் வாலை ஆட்டும் நுண்ணிய புரதக் கைகள் சிலருக்குப் பிறவியிலேயே இருப்பதில்லை. இதனை 1976இல் சுவீடன் நாட்டு அறிஞர் அஃப்செலியஸ் விளக்கினார். மூச்சுக் குழலின் நுண்மயிர்களை அசைப்பதும் அதே அமைப்புத்தான். ஆதலால் இவர்களுக்குத் தீராச் சளியும் உண்டு. இது உடற்குறை, இதில் வெட்கத்துக்கு என்ன இடம்?

1978இல் இங்கிலாந்திலும், அதே ஆண்டில் கல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்தியாய் முயற்சியாலும், சோதனைக்குழாய்க் குழந்தைகள் பிறந்தன. ஆயினும் அம்முறையில் அணு தானே நீந்திக் கருமுட்டையைத் துளைக்க வேண்டும். 1992இல் பிரசெல்ஸ் நகரில் பலெர்மோவும் உடன் உழைத்தோரும் அத்தடையையும் நீக்கினர். ஒரே ஓர் அணுவைக் கண்ணாடி ஊசியால் முட்டைக்குள் செலுத்திக் கருவுறச் செய்தனர். அசையாத அணுக்களுள் உயிருள்ளதைத் தெரிந்தெடுக்கவும் வழி உண்டு. நீர்த்த கரைசலில் இட்டால் உயிருள்ள அணு நீரை ஏற்று வாலைச் சுருட்டும், செத்தது சுருட்டாது.

இம்முறை எல்லோருக்கும் வெற்றி தருவதில்லை, செலவும் மிகுதி. பெண்ணின் வயது ஏற ஏறக் கருமுட்டையின் வளமும் குன்றும். அக்காள் இழந்த எட்டு ஆண்டுகளின் விலை இப்போது விளங்குகிறதா? ஆனால் ஆணுக்குச் செய்யும் முதற் சோதனைக்குப் பெருஞ்செலவு இல்லை, கத்தி இல்லை, வலி இல்லை. குறுக்கே நிற்பது வீண் மானம் ஒன்றே.

நண்பர்களே! நாளை மணமேடை ஏறப்போகும் இளைஞர்கள் நாம். குழந்தை பிறக்கத் தாமதமானால், மனைவியை மட்டும் மருத்துவமனைக்கு அனுப்பாமல் நாமும் அன்றே சோதனைக்குச் செல்வோம். அசையாத அணுவுக்கு அறிவியல் வழி கண்டுவிட்டது. அசையாத மனத்தை நாம்தான் அசைக்க வேண்டும்.