நோய்க் குறிப்பு யார் கையில்?

ஓ.பி. சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள், எக்ஸ்ரே படம், தீர்ந்துபோன மாத்திரை அட்டை. உழைக்கும் குடும்பத்தின் மருத்துவ வரலாறு முழுவதும் ஒரு துணிக்கடைப் பைக்குள்தான் கிடக்கிறது. கூரை ஒழுகினால் அதுவும் நனையும். பை தொலைந்துவிட்டால், பத்து ஆண்டுகளாக இருக்கும் சர்க்கரை நோயை மருத்துவர் முதலிலிருந்து விசாரிக்க வேண்டும்.

இந்த நிலையை மாற்ற மின்னணு மருத்துவப் பதிவு வந்திருக்கிறது. 2021 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தில் சேருகிறவர்களுக்கு 'ஆபா' எனும் 14 இலக்க எண் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கான 'பிக்மி' பதிவு அதற்கு முன்பே நடைமுறைக்கு வந்துவிட்டது. மகப்பேறு நிதியுதவி பெறவும் அந்த எண் வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளர்களும் சர்க்கரை, ரத்த அழுத்த அளவுகளைப் பதிந்துகொள்கிறார்கள்.

இதை எதிர்க்க வேண்டியதில்லை. நம் மக்களுக்கு மற்றவர்களைவிட இது அதிகம் தேவை. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் மாதக்கணக்கில் போகிற குடும்பங்களில் தலித்துகளும் இருளர்களும் பெரும்பகுதி. முன்பணம் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டுப் புறப்படும்போதே மாத்திரையும் நின்றுவிடுகிறது. அவர்கள் போகும் இடத்துக்கு அவர்களின் நோய்க் குறிப்பும் போனால், அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிகிச்சை தொடரும். பேறுகாலத்தில் அது தாயின் உயிரையே காக்கும்.

ஆனால், அந்தக் குறிப்பு யார் கையில் இருக்கிறது? பல வீடுகளில் இருப்பது ஒரே செல்போன். அது கணவரிடமோ மகனிடமோ இருக்கும். சூளையில் மேஸ்திரியின் எண்ணைக் கொடுத்துப் பதிகிறவர்களும் உண்டு. ஓ.டி.பி. யாருடைய போனுக்கு வருகிறதோ அவரிடம்தான் சாவி இருக்கிறது. ஒரு பெண்ணின் கருக்கலைப்பையோ, ஒருவருக்கு வந்த காசநோயையோ மேஸ்திரி தெரிந்துகொள்ள என்ன உரிமை இருக்கிறது? தெரிந்தால் வேலை போகும், ஊரில் பேச்சு பரவும்.

ஆங்கிலத்தில் நீளமாக வரும் ஒப்புதல் வாசகத்தைப் படிக்காமல் விரலால் தொடச் சொல்வதும் ஒப்புதல் ஆகாது. கைநாட்டு வைத்து நிலத்தை இழந்த மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்னொன்று, பதிவில் நாம் எப்படி எழுதப்படுகிறோம் என்பது. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தம் மக்களை ஆதித்தமிழர் என்று பதிய வேண்டும் என வலியுறுத்தினார் அயோத்திதாசப் பண்டிதர். சித்த மருத்துவரான அவருக்குப் பதிவேட்டின் வலிமை தெரிந்திருந்தது. இன்றைக்கும் முகவரியில் 'காலனி' என்று இருந்தால் சாதியைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். மருத்துவமனைக் கணினியில் உள்ள முகவரிகளிலும் அது நீங்க வேண்டும்.

பதிய வேண்டியது விடுபடுவதும் அநீதிதான். சாக்கடை அள்ளுகிறவர் மூச்சுத்திணறலோடு வந்தால் 'இருமல்' என்று மட்டும் பதிந்தால் போதாது. அவர் என்ன வேலை செய்கிறார், எத்தனை ஆண்டுகளாகச் செய்கிறார் என்பதும் பதிவாக வேண்டும். கழிவுநீர்த் தொட்டியில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வேலையால் நுரையீரல் கெட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறவருக்கு நியாயம் கேட்க, மருத்துவப் பதிவுதானே ஆதாரம்?

நமக்குச் சாதகமான விதிகள் இருக்கின்றன. மருத்துவப் பதிவில் உள்ள தகவல் நோயாளிக்கே சொந்தம் என்று மின்னணு மருத்துவப் பதிவுக்கான ஒன்றிய அரசின் 2016 தர விதிகள் சொல்கின்றன. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்கிறது 2002 மருத்துவர் நடத்தை விதி. ஒப்புதலைத் தமிழிலும் கேட்க 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வழி செய்கிறது. ஆபா எண் எடுப்பது அவரவர் விருப்பம். அது இல்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்கக் கூடாது.

எனவே நாம் கேட்க வேண்டியவை எளியவை. சிகிச்சை முடிந்ததும் நோய், மருந்து, அடுத்து வர வேண்டிய நாள் ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்டுக் கையில் தர வேண்டும். போன் இல்லாதவருக்கும் பதிவு கிடைக்க வழி வேண்டும். தகவலை யாருக்குக் காட்டலாம் என்பதை நோயாளியிடம் தனியாக, அவருக்குப் புரியும்படி கேட்க வேண்டும். தொழிலையும் கேட்டுப் பதிய வேண்டும். இதைக் கிராமசபையில் தீர்மானமாகவே வைக்கலாம்.

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. இந்த விடுமுறையில் உங்கள் தெருவில் பத்து வீடுகளுக்குப் போங்கள். அவர்களின் ஆபா, பிக்மி பதிவில் யாருடைய போன் எண் இருக்கிறது என்று பாருங்கள். வேறொருவர் எண் இருந்தால் மாற்றிக்கொள்ள உதவுங்கள். அங்கே படிப்பதை அந்த வீட்டு வாசலிலேயே மறந்துவிட்டு வாருங்கள்.