பட்டாவுக்கு முன் மண்ணைப் பாருங்கள்

கரிசல் காட்டில் பிறந்தவர்களுக்கு மண்ணைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். பருத்திக்கும் உளுந்துக்கும் நல்ல மண். வீட்டுக்குப் பொல்லாத மண். நனைந்தால் ஊதி அடித்தளத்தைத் தூக்குகிறது. காய்ந்தால் சுருங்கிக் கைவிடுகிறது. இது எல்லா மூலையிலும் ஒரே அளவில் நடக்காததால்தான் சுவர் கோணலாகப் பிளக்கிறது.

கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் வட்டாரங்களில் நம் மக்களின் காலனிகள் பலவும் நிற்பது இந்த மண்ணில்தான். ஆதிதிராவிடர் வீட்டுமனைக்கு நிலம் எடுக்கவென்றே 1978-இல் தனிச்சட்டம் வந்தது. ஆனால், மேட்டு நிலத்தைக் கொடுக்க ஊருக்கு மனம் வராதபோது, ஓடைக்கரையும் பள்ளமுமே நம் பங்குக்கு வருகின்றன. சர்வேயர் அளக்கிறார், கல் நடுகிறார், விழாவில் பட்டா கைக்கு வருகிறது. அடியில் என்ன மண் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. சமன்படுத்துகிறோம் என்று கண்மாய்க் கரம்பையைக் கொட்டிப் பரப்பிவிட்டுப் போனால், அதுவும் அதே களிமண்தான். அடுத்த மழையில் தரை இறங்குகிறது.

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டபோது, அடிமண்ணின் வலு பற்றி நாடே பேசியது. அடுக்குமாடி கட்டுபவர் மண் ஆய்வு அறிக்கை இல்லாமல் அனுமதி பெற முடியாது. 3 சென்ட் மனைக்காரரின் உயிர் மட்டும் மலிவா?

சோதனை ஒன்றும் பெரிய வித்தை அல்ல. சலித்த மண்ணில் 10 கிராம் வீதம் இரண்டு அளவுக்குழாய்களில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒரு நாள் வைத்தால், மண் எவ்வளவு ஊதும் என்பது தெரிந்துவிடும். மண்ணெண்ணெயில் உள்ளதைவிடத் தண்ணீரில் பாதிக்கு மேல் கூடுதலாக ஊதினால் சாதாரண வானம் தோண்டிக் கட்டக்கூடாது. ஊதும் மண்ணை வெட்டி எடுத்துவிட்டுச் சரள் நிரப்பி அடுக்கடுக்காக இறுக்க வேண்டும். அல்லது அடியில் குமிழ் விரிந்த பைல் அடித்தளம் போட வேண்டும்.

இதற்குப் பணம் வேண்டும். கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு அரசு தருவது 3.50 லட்சம் ரூபாய். அதில் ஒரு பகுதி பள்ளத்துக்கே போனால், கூரை போட வட்டிக்கு வாங்குவதைத் தவிர வழியில்லை. பிறகு சுவர் விரிசல் கண்டால், "கட்டத் தெரியாமல் கட்டினார்கள்" என்ற பழியும் நம் தலையில்தான்.

நாம் கேட்பது மூன்று. மனைக்கு நிலம் தேர்வு செய்யும்போதே மண்ணைச் சோதிக்க வேண்டும். தகுதியற்ற நிலத்தை வாங்கவே கூடாது. சமன்படுத்தி இறுக்கும் செலவை வீட்டு மானியத்தில் கைவைக்காமல், பட்டியல் சாதியினருக்கான துணைத்திட்ட நிதியிலிருந்து அரசே ஏற்க வேண்டும். சோதனை முடிவைத் தமிழில் எழுதிக் கிராமசபையில் வாசித்து, பட்டாவோடு சேர்த்துத் தர வேண்டும்.

அடுத்த கிராமசபையில் இதை மனுவாக எழுதிக் கொடுப்போம். தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்து வரக் கூடாது.