கதையின் நடையும் காட்சியின் வேகமும்

நுழையும்முன்

ஒரே புதினத்தைப் படித்த இருவருள் ஒருவர், "கதை நகரவே இல்லை" என்பார்; மற்றவர், "முடிந்துவிட்டதே" என வருந்துவார். அப்புதினம் திரைப்படமாகும்போது இக்கருத்து வேறுபாடு மேலும் வலுக்கிறது. இவ்வேறுபாடு எங்கிருந்து பிறக்கிறது? படைப்பின் வேகத்தை எந்த அளவுகோலால் அளப்பது? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இக்கட்டுரை.

மலையும் இரு வழிகளும்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது கோம்பை. ஊருக்கு மேற்கே மலை எழுந்து நிற்கிறது. மலைக்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள் விரிகின்றன. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தோட்ட வேலைக்குச் செல்வோர் இன்று விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி மலைச்சாலை வழியே செல்கின்றனர். சாலைகள் பெருகாத நாளில் ஏலக்காய் மூட்டைகள் மனிதர்தம் தலையிலும் முதுகிலுமே மலையிறங்கின. ஊர்தியில் செல்பவர் தோட்டத்தை விரைவில் அடைகிறார். சுமையுடன் நடந்தவரோ பாதையின் ஒவ்வொரு திருப்பத்தையும் தம் கால்களால் அறிந்திருந்தார். மலை ஒன்றுதான்; ஆயினும் அவ்விருவரும் அறிந்த மலை வேறு வேறு.

அச்சுமைதூக்கிகளின் வாழ்வைக் கூறிய திரைப்படம், லெனின் பாரதி இயக்கி 2018ஆம் ஆண்டு வெளிவந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'. தனக்கென ஒரு துண்டு நிலம் வாங்க விரும்பும் ரங்கசாமி என்னும் சுமைதூக்கியின் கதை அது. மலையேறுதல், இளைப்பாறுதல், பேசுதல், மீண்டும் நடத்தல் என்றே அப்படத்தின் முற்பகுதி செல்கிறது. கதை எப்போது தொடங்கும் எனக் காத்திருந்து சலித்தோர் உண்டு. அந்த நடையே கதை என்று கண்டுகொண்டோரும் உண்டு. தான் அரிதிற்பெற்ற நிலத்தில் எழுந்து நிற்கும் காற்றாலைக்கு ரங்கசாமி காவலாளாக அமர்ந்திருக்கும் இறுதிக் காட்சி, அந்த நீண்ட நடையைப் பொறுமையுடன் உடன்நடந்தவருக்கே முழுக் கனத்துடன் வந்து சேரும். திரைப்படம் விரைந்துதான் ஆகவேண்டும் என்னும் விதி இல்லை என்பதற்கு இப்படம் சான்று.

ஆயினும் இது திரைக்கென்றே எழுதப்பட்ட கதை. நூலாகப் பிறந்த ஒரு கதை திரைக்கு வரும்போது நேர்வது என்ன என்பதை அறிய, கரிசல் நிலத்துக்குச் செல்லவேண்டும்.

வெக்கையின் காலம்

பூமணியின் 'வெக்கை' 1982இல் வெளிவந்தது. கோவில்பட்டிப் பகுதியைச் சேர்ந்த பூமணி, பின்னாளில் 'அஞ்ஞாடி' புதினத்துக்காக 2014ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். சிதம்பரம் என்னும் பதினைந்து வயதுச் சிறுவன், தன் அண்ணனின் சாவுக்குக் காரணமான வடக்கூரானை வெட்டிவிடுகிறான். புதினம் அக்கொலையில்தான் தொடங்குகிறது. பிற கதைகள் இறுதியில் வைக்கும் நிகழ்வைப் பூமணி முதலிலேயே முடித்துவிடுகிறார்.

எஞ்சியவை, தந்தையும் மகனும் காட்டிலும் மேட்டிலும் மறைந்து திரியும் சில நாள்கள். எங்கே உறங்குவது, எதை உண்பது, எந்தப் பக்கம் ஆளரவம் கேட்கிறது என்பனவே பக்கங்களை நிரப்புகின்றன. இடையிடையே அண்ணனைப் பற்றிய நினைவுகள் எழுகின்றன. இறுதியில் நீதிமன்றத்தில் சரணடைய அவர்கள் செல்கிறார்கள்.

இப்புதினத்தை மெதுவானது என்று கூறுவோரின் கூற்றில் பொய்யில்லை. துரத்தலையும் பழிவாங்கலையும் எதிர்பார்த்து வருபவருக்கு, சோறு பொங்குவதும் நிழல் தேடுவதும் தடைகளாகவே தோன்றும். ஆனால், கொலை செய்துவிட்டு ஒளிந்திருக்கும் சிறுவனுக்குக் காலம் எப்படி நகரும்? மெதுவாகத்தான் நகரும். நூலின் பெயரே இதற்கு விளக்கம். தீ நொடியில் பற்றிப் பரவுவது. வெக்கையோ நாள் முழுதும் உடலைச் சூழ்ந்து வாட்டுவது. அதனை விரைவாகச் சொல்ல இயலாது.

திரையில் அசுரன்

வெற்றிமாறன் இயக்கத்தில் இப்புதினம் 'அசுரன்' என்னும் பெயரில் 2019ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் திரைக்கு வந்தது. சிறந்த தமிழ்த் திரைப்படத்துக்கான தேசிய விருதையும், தனுஷுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதையும் பெற்றது. பெயர் மாற்றமே படத்தின் திசையைக் காட்டிவிடுகிறது. 'வெக்கை' என்பது ஒரு சூழலின் பெயர். 'அசுரன்' என்பது ஓர் ஆளின் பெயர். நூலில் நாம் சிறுவனின் உள்ளத்தருகே இருக்கிறோம். படத்தில் தந்தை சிவசாமியே நடுவிடம் பெறுகிறார். நூலில் இல்லாத அவரது இளமைக் கதை பின்னோக்கு உத்தியில் விரிகிறது. ஒடுக்கப்பட்டோருக்கென 1892ஆம் ஆண்டு முதல் ஆங்கிலேய அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் பறிபோன வரலாறும், குடிசைகள் தீக்கிரையாகும் கொடுமையும் அங்கே இடம்பெறுகின்றன.

இங்குப் படிப்போர் இரு தரப்பாகப் பிரிகின்றனர். நூலை முன்பே படித்தோருள் பலர், படம் கதையின் உயிரை மாற்றிவிட்டது என்பர். அஞ்சி ஒளிந்த மனிதர்களின் இடத்தில் பலரைத் தனித்து வீழ்த்தும் வீரன் வந்துவிட்டான் என்பது அவர்தம் குறை. படத்தைப் பார்த்தபின் நூலைத் தேடிச் சென்றோருள் பலர், படத்தில் கண்ட வேகமும் பின்கதையும் நூலில் இல்லையே என ஏமாற்றம் கொள்வர். முன்னவர் படத்தில் நூலைத் தேடுகின்றனர். பின்னவர் நூலில் படத்தைத் தேடுகின்றனர். தேடிய இடம் தவறாக இருக்க, இல்லாத பொருளுக்காகப் படைப்பைக் குறை கூறுவது முறையாகாது.

இரு கலைகள், இரு காலங்கள்

புதினத்தின் காலம் படிப்பவர் கையில் இருக்கிறது. அவர் ஒரு பத்தியை இருமுறை படிக்கலாம். நூலை மூடிவைத்துவிட்டு மறுநாள் தொடரலாம். திரையரங்கில் காலம் படைப்பாளியின் கையில் இருக்கிறது. இரண்டரை மணிநேர அளவில் அனைத்தும் முடிந்தாக வேண்டும். புதினத்தில் சிதம்பரம் நடந்துகொண்டே அண்ணனை நினைக்க முடியும். ஒரு தொடரிலேயே நிகழ்காலமும் இறந்தகாலமும் கலந்துவிடும். திரையிலோ நினைவையும் கண்முன் காட்டவேண்டியிருக்கிறது. ஆகவே, தழுவல் என்பது படியெடுத்தல் அன்று. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து மகேந்திரன் உருவாக்கிய 'உதிரிப்பூக்கள்' (1979), மூலக்கதையிலிருந்து வெகுதூரம் விலகிச் சென்றும் தனக்கென நிலைத்த இடம் பெற்றது.

அவ்வாறாயின் எந்த மாற்றமும் சரி என்று கூறிவிடலாமா? கூடாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு விலை உண்டு. 'அசுரன்' பெற்றது பெரிது. நிலம் ஏன் உயிரினும் மேலாகக் காக்கப்படுகிறது என்பதை, அவ்வரலாற்றை அறியாதவருக்கும் அது உணர்த்தியது. நிலத்தைப் பறிக்கலாம், பணத்தைப் பறிக்கலாம், கல்வியை எவராலும் பறிக்க இயலாது என்னும் கருத்தில் சிவசாமி மகனுக்குக் கூறும் இறுதி அறிவுரை பல இல்லங்களில் பேசப்பட்டது. அதற்கு அப்படம் கொடுத்த விலை, சிறுவனின் அச்சம். கொலை செய்த கையுடன் ஒரு சிறுவன் இரவெல்லாம் விழித்திருப்பது எத்தகையது என்பதை அறிய நூலுக்கே செல்லவேண்டும். சாதியின் பெயரைச் சொல்லாமலே அதன் கொடுமையைப் படிப்பவர் உணரச் செய்யும் பூமணியின் அடக்கமும் நூலுக்கே உரியது.

வேகத்தின் அளவுகோல்

மெதுவாகச் செல்வன எல்லாம் ஆழமானவை அல்ல. சொல்ல எதுவும் இல்லாமல் நீள்வனவும் உண்டு. விரைவன எல்லாம் மேலோட்டமானவையும் அல்ல. இரண்டையும் வேறுபடுத்திக் காண ஓர் எளிய சோதனை போதும். சலிப்பூட்டும் அந்தப் பகுதியை நீக்கிவிட்டால், பின்னால் வருவதன் கனம் குறைகிறதா? குறைந்தால் அம்மெதுநடை தேவையானது. குறையவில்லையெனில் அது வெறும் நீட்சி.

'வெக்கை'யில் பசியும் உறக்கமின்மையும் கழியும் பக்கங்களை நீக்கினால், இறுதிச் சரணடைதல் வெறும் செய்தியாகிவிடும். அத்தனை நாள் அவர்களுடன் ஒளிந்திருந்தவருக்கே நீதிமன்றம் நோக்கிய நடை நெஞ்சில் பாரமாகும். 'அசுர'னில் இளமைக் கதையை நீக்கினால், அடிபணிந்து பொறுமை காக்கும் சிவசாமி கோழையாகவே தோன்றுவார். இரண்டும் இச்சோதனையில் தேறுகின்றன. ஆனால், அவை தேறும் வழிகள் வேறு.

சலிப்படைவது குற்றமன்று. "சலிப்பாக இருந்தது" என்பதோடு நின்றுவிடுவதே குறை. எந்தப் பக்கத்தில், எதனை எதிர்பார்த்திருந்தபோது சலிப்பு வந்தது என்று தன்னையே வினவும் மாணவர் திறனாய்வின் முதற்படியில் கால்வைத்துவிட்டார். படத்தைப் புகழ்பவரும் நூலைப் புகழ்பவரும் தாம் பெற்றதையும் இழந்ததையும் எடுத்துரைத்தால், கருத்து வேறுபாடு சச்சரவாகாமல் உரையாடலாகும்.

விரல் நுனியில் காட்சிகள் நொடிக்கொன்றாக மாறும் காலம் இது. ஒருவர் தம் துன்பத்தை எடுத்துரைக்கும்போது அதனை விரைவுபடுத்திக் கேட்க இயலாது. அவர் தயங்கும் இடத்தில் நாமும் காத்திருக்கவேண்டும். மெதுநடைப் புதினங்கள் அந்தக் காத்திருப்புக்கு நம்மைப் பழக்குகின்றன. மலைச்சாலையில் ஜீப்பில் செல்பவர், வழியில் சுமையுடன் நடப்பவரைக் கண்டு "ஏன் இத்தனை மெதுவாக?" என்று கேட்கலாம். அவர் தலையிலிருக்கும் மூட்டையை ஒருமுறை தூக்கிப் பார்த்தவர் அவ்வாறு கேட்கமாட்டார்.