போன கதை மட்டும் போதுமா?

பி.எஸ்ஸி., இரண்டாம் ஆண்டு, இயற்பியல்

தாத்தா பாட்டிமார் கப்பலேறிப் போய்வந்த கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வது நாகைப் பக்கத்து வீடுகளுக்குப் புதிதன்று. முன்பு பிழைக்கப் போனவர்கள் சொன்னார்கள். இப்போது உல்லாசக் கப்பலில் சுற்றுலா போய்வந்தவர்களும் சொல்கிறார்கள். கேட்கச் சுவையான கதைகள்தாம். ஆனால் அவற்றுள் பல பாதிக் கதைகள் என்பதும், பாதிக் கதையால் ஒரு குடும்பத்துக்குத் தீங்கு வரக்கூடும் என்பதும் என் கருத்து. பெரியவர்களைக் குறை சொல்லத் துணிந்துவிட்டாள் என்று யாரும் எண்ண வேண்டாம். என் வீட்டில் நடந்ததை வைத்துத்தான் பேசுகிறேன்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். விண்ணப்பத்தில் எதை எங்கே எழுதுவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். அவருடைய மகன் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறார். சென்ற கோடையில் அவர் தம் பெற்றோரை அங்கே வரவழைத்து, பினாங்குக்கும் தாய்லாந்தின் புக்கெட்டுக்கும் போய்த் திரும்பும் உல்லாசக் கப்பலில் ஏற்றிவிட்டார். ஊர் திரும்பிய மாலை, கதை கேட்கப் பேரப்பிள்ளைகள் கூடினார்கள். நானும் என் தாத்தாவும் போயிருந்தோம். தாத்தாவுக்கு வயது எழுபத்தேழு. கப்பல் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

கைப்பேசியில் நூற்றுக்கணக்கான படங்கள். கப்பலின் மொட்டைமாடியில் நீச்சல் குளம். விடிய விடிய அணையாத விளக்குகள். எடுத்து எடுத்துத் தின்றாலும் குறையாத சாப்பாடு. விரல் தள்ளத் தள்ள ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் ஓடியது. பிள்ளைகள் "ஐ!" என்றார்கள்; கால் மணி நேரத்தில் இரண்டு பேர் எழுந்து விளையாடப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். படம் எல்லாவற்றையும் காட்டிவிட்டால் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

மீதியிருந்த பெண் குழந்தை ஒன்றுதான் கேட்டது: "இவ்வளவு சாப்பாட்டையும் யாரு தாத்தா சமைச்சா?"

தலைமையாசிரியர் கைப்பேசியைக் கீழே வைத்தார். கப்பலில் பரிமாறிய பையன்களில் ஒருவன் தூத்துக்குடிக்காரனாம். இவர்கள் தமிழில் பேசிக்கொண்டதைக் கேட்டுத் தானாக வந்து பேசியிருக்கிறான். எட்டு மாத ஒப்பந்தம். எட்டு மாதமும் வீட்டு முகம் பார்க்க முடியாது. படுக்கை நீர்மட்டத்துக்குக் கீழே, சன்னல் இல்லாத அறையில். பினாங்கில் கப்பல் நின்ற பகலிலும் அவனுக்கு வேலை இருந்ததால் கரையில் கால் வைக்கவில்லை. "பினாங்கு எப்படி இருக்கு சார்?" என்று அவன்தான் இவரிடம் கேட்டானாம்! அன்று மாலை சொல்லப்பட்டவற்றுள் எனக்கு மறக்காதது இது ஒன்றே. அந்தப் பையனின் படம் ஒன்றுகூட அந்தக் கைப்பேசியில் இல்லை.

பிறகு என் தாத்தாவின் முறை வந்தது. அவர் கதை எனக்கு மனப்பாடம். 1960இல், பன்னிரண்டு வயதில், அப்பா அம்மாவோடும் அக்காளோடும் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார். ரஜூலா 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டது. சென்னையிலிருந்து புறப்பட்டு நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடி, 1974இல் உடைக்கப்பட்டது. நாகையில் பெரிய கப்பல் கரையோரம் வர ஆழம் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். படகில் போய் ஏணியில் ஏற வேண்டும். தகரப்பெட்டி, பாய், ஊறுகாய்ச் சாடி, நான்கு உயிர்கள். அறை கிடையாது, மேல்தட்டில் பாய் விரித்த இடமே வீடு. பறக்கும் மீன் ஒன்று தளத்தில் வந்து விழுந்து துடித்ததை அவர் சொல்லும்போது, அது இப்போதுதான் விழுந்ததுபோல் இருக்கும். நாகைக்கும் பினாங்குக்கும் சுமார் 1250 கடல்மைல். அந்த நான்கைந்து நாளும் பள்ளிக்கூடம் இல்லை, மாடு மேய்க்க வேண்டியதில்லை, அடிக்கவும் ஆள் இல்லை. எந்தச் சிறுவனுக்குத்தான் அது சொர்க்கமாக இராது?

இந்த இடத்தில் ஒரு சிறு வழக்கு வந்தது. "அங்க போனதும் கடிகாரத்த ரெண்டு மணி நேரம் தள்ளி வச்சோம்" என்றார் தாத்தா. "இல்லை பெரியவரே, இரண்டரை மணி. போன மாதம்தானே வைத்தேன்" என்றார் தலைமையாசிரியர். தாத்தாவுக்கு மறதி என்று எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உறுத்தியது. மறுநாள் நூலகத்தில் தேடினேன். இருவர் சொன்னதும் சரியே. தாத்தா போன காலத்தில் மலாயா நேரம் நம்மைவிட இரண்டு மணி முந்தியது. 1982 சனவரி முதல் நாள்தான் மலேசியாவும் சிங்கப்பூரும் இன்னும் அரை மணி முன்னே தள்ளி வைத்தன. இயற்பியல் மாணவிக்கு இன்னொன்றும் தோன்றும். நாகை ஏறக்குறைய 80 பாகை கிழக்கு, பினாங்கு 100 பாகை கிழக்கு. இருபது பாகைக்குச் சூரியக் கணக்கில் எண்பது நிமிடம்தான் வேறுபாடு. மீதியெல்லாம் அரசாங்கங்கள் வைத்த கணக்கு. கிழவருக்கு மறதி என்று சிரிக்குமுன் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தால் என்ன?

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். தாத்தாவின் இந்தக் கதையை எனக்கு முன்னால் ஆயிரம் முறை கேட்டு வளர்ந்தவர் என் சித்தப்பா. கடலுக்கு அப்பால் போனால் பிழைப்பு உண்டு, போகிற வழியெல்லாம் பறக்கும் மீன் உண்டு என்பது அவர் மனத்தில் ஊறிவிட்டது. பத்தாம் வகுப்போடு நின்றவர், 2006இல் ஒரு முகவரிடம் பணம் கட்டினார். இருந்த அரைக்காணி நிலம் அடமானம் போயிற்று. வேலை விசா என்று சொல்லிச் சுற்றுலா விசாவில் மலேசியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஓர் உணவு விடுதியில் பாத்திரம் கழுவும் வேலை. பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில். பதினான்கு மாதம் கழித்து, மாற்றுச் சட்டை ஒன்று போட்ட பையோடு திரும்பி வந்தார். நிலம் திரும்பி வரவில்லை. என் அப்பா அந்தக் கடனை அடைத்து முடித்தபோது நான் ஏழாம் வகுப்பு. முகவரின் குற்றம் முகவருடையது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் கதைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். தாத்தாவும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். அது எனக்கு அன்று மாலைதான் தெரிந்தது.

படங்களில் பினாங்குத் துறை வந்தபோது தாத்தா, "சார், கொஞ்சம் நிறுத்துங்க. பெருசாக்கிக் காட்டுங்க" என்றார். வெகுநேரம் பார்த்தார். வீட்டுக்கு நடந்து வரும் வழியில் தாமாகப் பேசத் தொடங்கினார். நான் ஒருநாளும் கேட்டிராத கதை அது. 1970இல் அதே ரஜூலாவில் திரும்பி வந்த கதை.

அவர்கள் கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தார்கள். என் கொள்ளுத்தாத்தா போருக்கு முன்பே போய்ப் பால்மரம் சீவியவர். முதல் தடவை போனபோது, நோய்த் தடுப்பு என்று பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவில் இறக்கி அடைத்து வைத்து, பிறகே தோட்டத்துக்கு விட்டார்களாம். முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்தும் அவர் குடியுரிமை எழுதி வாங்கவில்லை. "எப்படியும் ஊருக்குத்தானே போகப்போறோம்" என்று இருந்துவிட்டார். கையில் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்குரிய சிவப்பு அடையாள அட்டை. 1968இல் அங்கே வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய உரிமச் சீட்டு வேண்டும் என்றார்கள். 1969 மே மாதக் கலவரத்துக்குப் பின் கெடுபிடி கூடியது. தோட்டங்களில் இருந்த இந்தியர் பல்லாயிரவர் அந்த ஆண்டுகளில் மூட்டை கட்டினார்கள். எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கும் சீட்டு மறுக்கப்பட்டது.

தாத்தாவின் அக்காள் மட்டும் வரவில்லை. அங்கேயே குடியுரிமை உள்ள ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தார். வழியனுப்ப பினாங்குத் துறைக்கு வந்தவர், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாராம். "கப்பல் நகர்றது நமக்குத் தெரியாது தாயி. கரைதான் நகர்ற மாதிரி இருக்கும். அக்கா பின்னாடி பின்னாடி போயிக்கிட்டே இருந்துச்சு" என்றார். அந்தப் பயணத்திலும் மீன் பறந்திருக்கும். தாத்தா பார்க்கவில்லை. கொள்ளுத்தாத்தா நாகை வரும்வரை கடலுக்கு முதுகு காட்டியே உட்கார்ந்திருந்தாராம். தளம் முழுவதும் அப்படிப்பட்ட ஆட்கள். ஊரில் நிலமில்லை, வீட்டுக்கு ஓடில்லை, பேசும் தமிழைக் கேட்டுச் சிரிக்கும் உறவினர் உண்டு. அக்காளிடமிருந்து சில ஆண்டுகள் கடிதம் வந்தது; பிறகு நின்றுவிட்டது.

"இதை ஏன் தாத்தா சித்தப்பாகிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "சின்னப் புள்ளைங்கிட்ட எதச் சொல்றது? மீனச் சொன்னா சிரிச்சானுவ" என்றார்.

இதை என் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் சொன்னபோது அவள் மறுத்தாள். "வயதானவர்கள் தங்கள் துயரத்தைப் பேரப்பிள்ளைகள் தலையில் கொட்ட வேண்டுமா? அவர்களே மறக்க நினைப்பதை நாம் ஏன் கிண்டுவது?" என்றாள். இது தள்ளிவிடக்கூடிய வாதமன்று. ஐந்து வயதுக் குழந்தைக்குப் பறக்கும் மீன் போதும், நானே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்பவனுக்கு இருபது வயதாகி, அவன் பாஸ்போர்ட் எடுக்கப் புறப்படும்போதும் மீனைப் பற்றியே பேசினால் அது அன்பாகுமா? மறக்க நினைக்கிறார்கள் என்பதும் எனக்கு நம்பிக்கையில்லை. ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து ஒரு துறையின் படத்தைப் பெருசாக்கிக் காட்டச் சொன்னவர் எதை மறந்தார்?

குறை அவர்களுடையது மட்டுமன்று. சித்தப்பா கேட்டதே இல்லை, நானும் கேட்டதில்லை. "போனீங்களே, ஏன் திரும்பி வந்தீங்க?" என்ற ஒரு கேள்வி எங்கள் வீட்டில் நாற்பது ஆண்டாக யார் வாயிலும் வரவில்லை. நம் வகுப்பறைகளிலேயே பாருங்கள். அறுபதுகளில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலில் அனுப்பப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். வரலாற்றுத் தேர்வில் ஒப்பந்தத்தின் ஆண்டை எழுதி மதிப்பெண் வாங்குவோம். வீட்டுத் திண்ணையில் அந்த ஒப்பந்தமே உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும். அதனிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டோம்.

உல்லாசக் கப்பலில் போய்வரும் பெரியவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமை கிடையாது. வாழ்நாளெல்லாம் உழைத்தவர்கள் கடைசிக் காலத்தில் கடல் பார்க்கட்டும். காசி, இராமேசுவரம் என்று போகாமல் இதென்ன ஆடம்பரம் என்று தெருவில் பேசியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. என் தாத்தாவுக்கும் வாய்த்தால் நான் தடுக்கமாட்டேன். ஆனால் அவர்களும் படத்தைக் காட்டுவதோடு நிறுத்திவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன். சமைத்தவனையும் சொல்லட்டும். கடலில் போகும்போது வயிறு கலங்கியதையும், அந்த அம்மையார் இரவெல்லாம் தூங்காமல் "வீட்டைப் பூட்டினோமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்ததையும் சொல்லட்டும். (இது அம்மையாரே பிறகு என்னிடம் சொன்னது, தலைமையாசிரியர் சொல்லவில்லை.)

சித்தப்பாவுக்கு அந்த 1970 கதையை இப்போது நான்தான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பின் தாத்தாவின் கட்டிலருகே போய் உட்கார்ந்தார். தம்முடைய பதினான்கு மாதத்தை அவரும் அதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அன்று இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் தேர்வு இருந்ததால் நான் படித்துக்கொண்டிருந்தேன். விளக்கு மட்டும் வெகுநேரம் எரிந்தது.

தலைமையாசிரியர் வரும் தை மாதம் மறுபடியும் சிங்கப்பூர் போகிறார். மகன் இன்னொரு முறை கப்பலில் ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறாராம். தாத்தா தம் தகரப்பெட்டியிலிருந்து ஒரு பழைய கடித உறையை எடுத்து, அதில் இருந்த தோட்டத்தின் பெயரை என்னை எழுதச் சொன்னார். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியர் வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். கப்பல் பினாங்கில் ஒரு பகல்தான் நிற்கும், கெடா போய்வர நேரம் போதுமா என்று விசாரிக்கிறேன் என்று சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.