மலைப்பாதையும் செயற்கைக் காலும்

டோக்கியோ பாராலிம்பிக்கில் 2021 ஆகஸ்ட் 30இல் 67.79 மீற்றர் தூரம் ஈட்டி எறிந்து, இலங்கையின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்ற தினேஷ் பிரியந்த ஹேரத், உள்நாட்டுப் போரில் காயமடைந்த இராணுவ வீரர். காயமடைந்த படையினருக்கென 1999இலேயே ரணவிரு சேவா அதிகாரசபை சட்டப்படி அமைக்கப்பட்டது. ராகமையிலும் அநுராதபுரத்திலும் பராமரிப்பு இல்லங்கள் உள்ளன. இது நியாயமான கடமை.

ஆனால் போர் சீருடை பார்த்துக் காயப்படுத்தவில்லை.

தமிழருக்கெதிரான 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னியில் குடியேறிய குடும்பங்கள், 2009 வரை போரின் நடுவே சிக்கின. அங்கே காலை இழந்த ஒருவர் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ உள்ள உறவினரிடம் திரும்பினால், தேயிலைத் தோட்ட லயத்துக்கு ஏறும் செங்குத்துப் படியே முதல் தடை. கழிப்பறை வெளியே. மழைக்காலத்தில் வழுக்கும் மலையில் கொழுந்து பறிக்கவும் முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்கு 3 வீத வேலைவாய்ப்பு என்ற 1988 சுற்றறிக்கை அரச துறைக்கானது. தனியார் தோட்டக் கம்பனிகளை அது கட்டுப்படுத்தாது.

செயற்கைக் கால் ஒருமுறை பொருத்தினால் தீரும் விடயமல்ல. வெட்டுண்ட கால் காலப்போக்கில் மெலியும். பொருத்துக்குழி தளர்ந்து புண்ணாக்கும். அதைச் சரிசெய்ய யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்துக்கோ கொழும்புக்கோ ஒரு நாள் கூலியை இழந்து போவது எளிதா? டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் மாதமொரு முறை இதற்கான கிளினிக் நடத்தப்பட வேண்டும். புதிய தோட்ட வீடுகளில் சாய்தளமும், தொழிற்சாலைகளில் அமர்ந்து செய்யும் வேலைகளில் முன்னுரிமையும் தொழிற்சங்கங்களும் தோட்டக் கம்பனிகளும் நடத்தும் அடுத்த பேச்சில் இடம்பெறட்டும்.